பொனேர் தீவுக்குக் குழுவாக ஸ்கூபா பயணம்: மதுரையிலிருந்து எப்படித் திட்டமிடுவது?

வைகை வடகரை

ரேஸ் கோர்ஸ் நீச்சல் குளத்தில் காலையில் ஒன்றாக நீந்தும் எங்கள் குழுவினர் எட்டுப் பேர், அடுத்த ஆண்டு கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுக்கு ஸ்கூபா டைவ் செய்யப் போகலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். எங்களில் மூவர் அந்தமானில் ஸ்கூபாவின் முதல்நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றவர்கள். ஒருவர் அதற்கு மேல்நிலையான அட்வான்ஸ்டு வரை முடித்திருக்கிறார். மற்ற நால்வருக்கும் நீச்சல் நன்றாகத் தெரியும் என்றாலும், காற்று டேங்க் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிய பழக்கம் இல்லை.

பொனேரைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், அங்கே படகுக்காகக் காத்திருக்காமல் கரையிலிருந்தே நடந்து இறங்கி டைவ் செய்யலாம் என்பதுதான். தீவின் மேற்குக் கரை நெடுகிலும் டைவ் இடங்களின் பெயரை மஞ்சள் கற்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, டேங்குகளை ஏற்றிக்கொண்டு, விருப்பமான கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கிவிடலாம். வெனிசுவேலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே தீவு இருப்பதால், பணத்தைக் கட்டிவிட்டு வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கவலையும் குறைவு.

எந்த மாதம் போவது, விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்பவற்றோடு, எங்களுக்குள் தீராத கேள்வி ஒன்றும் இருக்கிறது. புதியவர்கள் நால்வரும் அந்தத் தீவுக்குப் போய்க் கற்றுக்கொள்வதா, இங்கேயே முடித்துவிட்டுப் போவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

திருநகர்த் தென்றல்

முதலில் ஒரு குறுக்குக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் மன்னார் வளைகுடா வந்துவிடுகிறது. மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து திருகோணமலைக்குப் போய்விடலாம். அந்தமானும் லட்சத்தீவும் நம் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இவ்வளவையும் விட்டுவிட்டுப் பூமிப் பந்தின் மறுபக்கத்துக்குப் போக வேண்டிய அவசியம் என்ன? ஆகும் செலவில் பாதியை வைத்துக்கொண்டு எல்லோரும் திருகோணமலையில் இரண்டு வாரம் டைவ் செய்துவிட்டு வரலாமே.

முத்துநகர் டைவர்

தூத்துக்குடியில் பிறந்து, ஸ்கூபா பயிற்றுநராக இருந்துவிட்டு, இப்போது மதுரையில் குடியிருப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. நினைத்த தீவுக்கு நினைத்த நேரத்தில் படகை விட்டு இறங்கிவிட முடியாது. வனத்துறையின் கட்டுப்பாடு உண்டு, இருக்கவும் வேண்டும். அதோடு அது கடற்புல்லும் வண்டலும் நிறைந்த ஆழம் குறைந்த கடல். உயிர்வளத்தில் அதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் காற்று அடிக்கும் மாதங்களில் நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர் கலங்கிப் போகும். புதிதாகக் கற்றுக்கொண்டவர் நம்பிக்கையோடு நீந்திப் பழக அது ஏற்ற இடம் என்று சொல்ல மாட்டேன்.

திருகோணமலை மிக நல்ல யோசனை. ஆனால் அங்கே பெரும்பாலும் படகு டைவ்தான். வழிகாட்டியின் பின்னால் வரிசையாகப் போய்விட்டு வரிசையாக மேலே வருவோம். வைகை வடகரை கேட்பது வேறு. ஜோடி ஜோடியாகத் தாங்களே நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்து, அவசரம் இல்லாமல் இறங்கி ஏறும் பயணத்தை அவர் விரும்புகிறார். அதற்குப் பொனேருக்கு நிகரான இடங்கள் உலகிலேயே குறைவு. அந்தச் சுதந்திரத்தைத் தாங்கும் அளவுக்குக் குழுவில் எல்லோரும் தயாராக இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ரோட்டர்டாம் மதுரைக்காரன்

நான் ஆனையூர்க்காரன், வேலை நிமித்தமாக நெதர்லாந்தில் இருக்கிறேன். பொனேர் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி என்பதால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடியாகவே விமானம் உண்டு. நானும் அங்கே டைவ் செய்திருக்கிறேன். ஆகவே தரையிறங்கிய பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவைச் சுற்றியுள்ள கடல் 1979-இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. நீரில் இறங்குவதற்கு முன் இயற்கைக் கட்டணமாக 40 டாலர் கட்ட வேண்டும். அது அந்த நாட்காட்டி ஆண்டு முழுவதற்கும் செல்லும். தீவுக்குள் நுழைவதற்கான வரி 75 டாலர் தனி. இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் கட்டிவிடலாம். அதன் பிறகு டைவ் நிலையம் ஒன்றில் விதிமுறைகளை விளக்குவார்கள். முதல் டைவை அவர்களுடைய கரையில் செய்து, இடுப்பில் கட்டும் எடை சரிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறைக்கு அனுமதி கிடையாது. கையுறை போட்டவர் பவளத்தைப் பிடித்துக்கொள்வார் என்பதே காரணம். பவளத்தைக் கெடுக்கும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன்களும் 2021 முதல் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஆகவே கிளம்புமுன் மருந்துக்கடையில் வாங்கும் டியூபின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கரையிலிருந்து இறங்குவதைப் பற்றிப் படத்தில் பார்ப்பதற்கும் நேரில் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே மணற்கரை அதிகம் இல்லை. செத்த பவளத்துண்டுகள் விரல் விரலாக ஒடிந்து குவிந்து கிடக்கும். முதுகில் டேங்கும் இடுப்பில் எடையும் இருக்க, ஒவ்வொரு அடிக்கும் காலடியில் அவை உருளும். முழங்கால் அளவு நீரில் அலை வந்து பின்னங்காலில் இடிக்கும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கை மாட்டி, டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே இருவர் தோளைப் பிடித்து நடந்து, மார்பளவு நீர் வந்ததும் மிதந்துகொண்டு ஃபின்னை மாட்டுவதுதான் முறை. வெறுங்காலில் மாட்டும் ஃபின் அங்கே உதவாது; தடித்த அடிப்பாகம் உள்ள காலணியும், அதன்மேல் மாட்டும் பின்பக்கம் திறந்த ஃபின்னும் வேண்டும். இந்தச் சிரமம் எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். சற்றுத் தூரம் நீந்தினால் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் தரை சரிந்து இறங்கும். அந்தச் சரிவு முழுவதும் பவளம்தான்.

வண்டியில் எதையும் வைத்துவிட்டு இறங்கக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி நிறுத்துவதே அங்குள்ள வழக்கம். கடவுச்சீட்டையும் பணத்தையும் தங்குமிடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

மேலூர்க் கிணறு

புதியவர்கள் நால்வரில் நானும் ஒருவன். எங்கள் ஊர்ப் பாசனக் கிணற்றில் ஏழு வயதில் என் தாய்மாமன் என்னைத் தூக்கிப் போட்டார், அன்றிலிருந்து நீந்துகிறேன். நீர் நிறைந்திருக்கும் நாட்களில் மேல் படியிலிருந்து குதித்து, அடிமண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டுவதுதான் எங்கள் பந்தயம். இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அவ்வளவு பணம் கட்டிப் படிப்பு தேவைதானா? அங்கே போய், தெரிந்தவர் ஒருவரின் பக்கத்திலேயே இறங்கினால் போதாதா என்பது என் எண்ணம்.

முத்துநகர் டைவர்

மேலூர்த் தம்பி, உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் பயிற்சி கொடுத்தவர்களில், நீச்சலே தெரியாமல் வந்து பயந்தவர்களைவிடக் கிணற்றில் முத்துக்குளித்துப் பழகியவர்களைப் பார்த்துத்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

கிணற்றில் குதிக்கும்போது மேலே இழுத்த மூச்சைத்தான் நீங்கள் உள்ளே கொண்டுபோகிறீர்கள். ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட நுரையீரல் சுருங்கும். மேலே வர வரப் பழைய அளவுக்கு விரியும். அதற்கு மேல் விரிய அதில் காற்று இல்லை. எங்கள் ஊரில் சங்கு குளித்தவர்கள் காலங்காலமாகச் செய்ததும் இதுதான். ஸ்கூபாவில் கதையே வேறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்துக்கு ஈடான காற்றைத்தான் கொடுக்கும். அங்கே நெஞ்சு நிறைய இழுத்த மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலால் அது முடியாது. ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலே நுரையீரல் கிழிந்து, காற்று இரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு. ஸ்கூபாவின் முதல் விதி மூச்சை ஒருபோதும் பிடிக்கக் கூடாது என்பது. கிணற்றின் முதல் விதியோ மூச்சைப் பிடி என்பது. பதறும் நேரத்தில் உடம்பு எதைச் செய்யும் என்று நினைக்கிறீர்கள்?

குளத்தில் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. எடுத்திருக்கும் நேரம் முழுவதும் உதட்டைக் குவித்து, சிறு சிறு குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றுப் பிள்ளைகளுக்குக் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும், குமிழி ஒன்றுகூட வராது. அதை உடம்பிலிருந்து எடுப்பதற்குச் சொற்பொழிவு உதவாது, திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் உதவும். அதற்காகத்தான் படிப்பு. போதாக்குறைக்கு, நன்றாக நீந்துகிறவர்கள் நீருக்கடியிலும் கையை வீசுவார்கள். டேங்க் பாதி நேரத்தில் காலியாகிவிடும்.

ஓப்பன் வாட்டர் படிப்பில் குளப்பயிற்சிகளும், கடலில் நான்கு டைவ்களும் உண்டு. நேரக் கெடு இல்லாமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். ரேஸ் கோர்ஸ் குளத்தில் நீந்துகிறவர்களுக்கு அது பொருட்டே இல்லை. மூன்று நான்கு நாட்களில் முடிந்துவிடும். பொனேரிலும் கற்றுத் தருவார்கள், தரமாகவே தருவார்கள். ஆனால் அவ்வளவு தொலைவு போய், அங்கே இருக்கும் ஒரு வாரத்தில் பாதியைப் பாடப்புத்தகத்தோடும் ஆழமில்லாத நீரில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவதோடும் கழிக்க வேண்டுமா? மற்ற நால்வரும் அதற்குள் வேறு ஒரு தாளத்துக்குப் பழகிவிடுவார்கள். குழு இரண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே நால்வரும் பிப்ரவரியில் அந்தமானிலோ, கடல் தெளிந்த பிறகு புதுச்சேரியிலோ சான்றிதழை முடித்துவிடுங்கள். அதற்கு மேல், கிளம்புவதற்கு முன் இன்னும் சில டைவ்களைச் செய்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கிழக்குக் கரையைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

கா.மூ.தொ. மருத்துவர்

காது மூக்குத் தொண்டை மருத்துவராக இருப்பதால், பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றை நினைவூட்டுகிறேன். ஸ்கூபா பயிற்சிக்குச் சேரும்போது உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுவலி, நுரையீரலில் காற்றுக் கசிவு, காது அறுவைச் சிகிச்சை, இன்சுலின் எடுக்கும் நீரிழிவு போன்றவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் நீரில் இறக்க மாட்டார்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் பற்றிக் கூடுதலாகக் கேட்பார்கள். இதைத் தீவுக்குப் போய்க் கண்டுபிடித்து, கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்க வேண்டாம். இப்போதே கேள்வித்தாளை எடுத்து நேர்மையாக நிரப்பிப் பாருங்கள்.

காதைப் பொறுத்தவரை, முதல் சில மீட்டர்களில்தான் அழுத்த வேறுபாடு வேகமாகக் கூடும். வலி தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்திருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நீருக்கடியில் மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்ளும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் அது மூடும்வரை இறங்கவே கூடாது.

இன்னொன்று, மதுரைக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. டைவ் செய்த உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் தர வேண்டும் என்பதால், பல நாட்கள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரமும், ஒரே ஒரு டைவ் செய்தவர்கள் 12 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு அறிவுறுத்துகிறது. விமானத்துக்கு மட்டும் என்று இதை நினைத்துக்கொள்கிறார்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு உரியதுதான். கிழக்குக் கரையில் காலையில் டைவ் செய்துவிட்டு அன்று இரவே குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வண்டியை விடுகிறவர், டைவ் முடித்த கையோடு விமானம் ஏறுகிறவருக்குச் சமம்.

தல்லாகுளம் கணக்கர்

பணத்தைப் பற்றிப் பேசிவிடலாம். பொனேரில் 2011 முதல் அமெரிக்க டாலர்தான் நாணயம். யூரோ கொண்டுபோக வேண்டாம். பயண முகவரிடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் கையிலிருந்து முதலில் போகும் பணம் அது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒருவர் கணக்கிலிருந்து கட்டினால் பிடித்தமும் அவர் பெயரிலேயே விழும் என்பதால், அவரவர் பங்கை அவரவரே கட்டுவது நல்லது.

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைதான் ஏற்றுக்கொள்ளப்படும். உடலில் நைட்ரஜன் குமிழி தங்கியவருக்குத் தரும் அழுத்த அறைச் சிகிச்சையையும் அவசர விமான இடமாற்றத்தையும் ஏற்கும் டைவ் காப்பீடு தனியாக வேண்டும். பொனேர் மருத்துவமனையில் அழுத்த அறை இருக்கிறது. ஆனால் அதன் செலவு நம் பாக்கெட்டைக் கேட்டு வராது.

முன்பணம் கட்டும்போது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு வேறொரு தீவுக்குப் போக முன்பணம் கட்டியது. இருவர் விலகியதும், குழுச் சலுகை போய்விட்டது என்று மீதிப் பேருக்கு விலையை ஏற்றினார்கள். ஒருவர் விலகினால் அறை வாடகையும் வண்டி வாடகையும் யார் தலையில் விழும் என்பதை நண்பர்களாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடுவது மேல்.

திருநகர்த் தென்றல்

நானும் வருவதாக இருந்தால் கேட்கிறேன். அவ்வளவு தூரம் போகிறவர்கள் அப்படியே டிரினிடாடையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமே? நம்மவர்கள் வழிவந்த மக்கள் நிறைய இருக்கும் தீவு.

கா.மூ.தொ. மருத்துவர்

போகலாம், ஆனால் டிரினிடாட் மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து திரும்புகிறவர் தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். இந்தப் பயணத்தோடு அதைச் சேர்க்காமல் இருப்பதே நிம்மதி.

ரோட்டர்டாம் மதுரைக்காரன்

விசா பற்றி: பொனேர் நெதர்லாந்துக்கு உரியது என்றாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. கரீபியன் பகுதிக்குத் தனி விசா உண்டு. அதை நெதர்லாந்துத் தூதரகம் வழியாகவே கேட்க வேண்டும். யாருக்கு விலக்கு உண்டு என்பது கையில் உள்ள மற்ற விசாக்களைப் பொறுத்தது என்பதால், அவரவர் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு தூதரகத்தின் தளத்தில் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்க்க நினைத்தால் ஷெங்கன் விசாவும் வேண்டும். போகும்போதும் வரும்போதும் வெளியே போவதானால் பலமுறை நுழைவுக்கு உரியதாகக் கேளுங்கள். அமெரிக்கா வழியாகவும் விமானங்கள் உண்டு. ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு நேரடி விமானம் இருக்கிறது. மதுரையிலிருந்து வந்தே பாரத்தில் வந்தால் பெங்களூர் கன்டோன்மென்டில் இறங்குவீர்கள். விமான நிலையம் தேவனஹள்ளியில் இருப்பதால், மாலை நெரிசலைக் கணக்கில் வைத்து வண்டி பிடியுங்கள். பொனேர் நேரம் நம் நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்னால். இறங்கிய அன்றே டைவ் செய்ய வேண்டாம். நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

வைகை வடகரை

எல்லோருக்கும் நன்றி. நால்வரும் இங்கேயே சான்றிதழ் முடித்துவிட்டு வருவது என்று முடிவாகிவிட்டது. மேலூர்த் தம்பியும் ஒப்புக்கொண்டார். மாதத்தைப் பொறுத்தவரை முதலில் பிப்ரவரி என்றோம். அது அங்கே கூட்டமும் விலையும் கூடிய பருவம், இங்கே பிள்ளைகளின் தேர்வுக்கு முந்திய காலம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் ஊரை விட்டு நகர மாட்டார்கள் என்பதால், சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு மே மாதக் கடைசி என்று வைத்திருக்கிறோம்.

இப்போது ஜோடி சேர்ப்பதில் ஒரு சிக்கல். புதியவருக்கு அனுபவமுள்ளவரைத் துணையாகப் போட்டால், அனுபவமுள்ளவரின் விடுமுறை முழுவதும் காவல் வேலையாகிவிடும் என்று ஒரு நண்பர் வருத்தப்படுகிறார். ஹில்மா ஹூக்கர் என்ற மூழ்கிய கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

முத்துநகர் டைவர்

அவர் வருத்தம் நியாயமானது. ஹில்மா ஹூக்கர், உள்ளே கஞ்சா பிடிபட்டுச் சிறைவைக்கப்பட்டிருந்த சரக்குக் கப்பல். 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. ஏறத்தாழ 72 மீட்டர் நீளத்தோடு, 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் முடித்தவருக்கு 18 மீட்டர்தான் எல்லை என்பதால் கப்பலின் மேற்பகுதியைத் தாண்டி அவர் போகக் கூடாது. உடலில் நைட்ரஜன் அளவு மீறாமல் தங்க, 18 மீட்டரில் முதல் டைவுக்கு ஏறத்தாழ 56 நிமிடம் கிடைக்கும். 30 மீட்டரில் 20 நிமிடம்தான். ஆகவே அந்தமானில் சான்றிதழ் பெற்ற மூவரும் கிளம்புமுன் அட்வான்ஸ்டு முடித்துவிட்டால், காலையில் அந்த நால்வரும் இரண்டு ஜோடியாகக் கப்பலுக்குப் போகலாம். அந்த நேரத்தில் புதியவர்கள் நால்வரும், முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் கூலிக்கு அமர்த்திய உள்ளூர் வழிகாட்டியோடு 12 மீட்டரில் பழகலாம். பிற்பகலில் எல்லோரும் சேர்ந்து ஆழம் குறைந்த இடத்தில் இறங்குங்கள். அப்போது ஜோடியை மாற்றிப் போடுங்கள்.

கணவன் மனைவி என்பதற்காகவே இருவரை ஒரே ஜோடியாகப் போட வேண்டாம். வண்டியில் தொடங்கிய சண்டையை நீருக்கடியில் கைச்சாடையால் தொடர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காற்றைச் செலவழிக்கும் வேகம் ஒத்துப்போகிறவர்களைச் சேர்ப்பதே நல்லது. யாருக்கு முதலில் காற்று குறைகிறதோ அவர்தான் இருவருக்கும் நேரத்தை முடிவு செய்கிறார். நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, டேங்கில் பாதி மிச்சம் இருக்கும்போதே திரும்பி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, டேங்கின் அழுத்தம் 50 பாருக்குக் குறையாமல் கரையேறுவது என்பதை எட்டுப் பேரும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி இல்லாத ஜோடியில் ஒருவர் "இன்னும் கொஞ்சம்" என்று சாடை காட்டும்போது, மற்றவர் கட்டைவிரலை மேலே காட்டினால் பேச்சுக்கு இடமில்லாமல் ஏறிவிட வேண்டும்.

புதூர் மீனாட்சி

என் கணவர் இந்தக் குழுவில் இருக்கிறார். நான் டைவ் செய்யப் போவதில்லை; பதினொரு வயது மகள் ஆசைப்படுகிறாள். அவளுக்கு அனுமதி உண்டா? நாங்கள் இருவரும் பகலெல்லாம் என்ன செய்வது?

முத்துநகர் டைவர்

அம்மா, பத்து வயது நிறைந்தவர்கள் ஜூனியர் ஓப்பன் வாட்டர் படிக்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுக்குள் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பயிற்றுநரோ கூடவே இருக்க வேண்டும். அப்பாவின் ஆசைக்காக இல்லாமல் அவளே கேட்டால் மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ரோட்டர்டாம் மதுரைக்காரன்

க்ளைன் பொனேர் என்று எதிரே ஆளில்லாத குட்டித் தீவு இருக்கிறது. படகில் போய் மூச்சுக்குழாயான ஸ்நார்கெல் மட்டும் மாட்டிக்கொண்டு மிதந்தாலே பவளத்தைப் பார்த்துவிடலாம். தெற்கே உப்பளங்கள் இளஞ்சிவப்பாகக் கிடக்கும், பூநாரைகள் மேயும். உப்பை ஏற்றும் பாலத்தின் தூண்களுக்கு அடியில் டைவ் செய்வதும் அங்கே பேர் போனது, கப்பல் நிற்காத நாட்களில் மட்டும். உப்பளத்தின் ஓரத்தில் அடிமைகள் தங்கவைக்கப்பட்ட கல் குடிசைகள் நிற்கின்றன. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். மகளை அங்கே அவசியம் கூட்டிப்போங்கள்.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்ல வேண்டும். கல்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் 2023-இல் பொனேரிலும் கண்டறியப்பட்டது. சில இடங்களைத் தற்காலிகமாக மூடவும் செய்தார்கள். டைவ் கருவிகளைக் கிருமிநாசினியில் நனைக்கச் சொல்கிறார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்னொரு வேடிக்கை: நம் பக்கத்துக் கடல்களில் இயல்பாக வாழும் சிங்கமீன் அங்கே வந்தேறி; 2009-இல் பொனேரில் தென்பட்டது. உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்று தீர்ப்பதால் அதைப் பயிற்சி பெற்றவர்கள் வேட்டையாடுகிறார்கள், உணவகத்தில் பரிமாறவும் செய்கிறார்கள்.

மேலூர்க் கிணறு

கடைசியாக ஒன்று. எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாதே, என்ன செய்வது?

முத்துநகர் டைவர்

மூக்குக்கண்ணாடியின் காது, மாஸ்க்கின் ரப்பர் ஓரத்தைத் தூக்கிவிடும். நீர் உள்ளே வந்துவிடும். பவர் உள்ள மாஸ்க் கண்ணாடிகள் அரை அரை எண்ணாகக் கிடைக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் தனித்தனியாக மாற்றிக்கொள்ளும்படியான மாஸ்க்கை வாங்குங்கள். நீருக்குள் பொருள்கள் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும் என்பதால், குறைந்த பவர் உள்ளவர்களுக்குச் சாதாரண மாஸ்க்கே போதுமானதாக இருக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டும் இறங்கலாம். ஆனால் மாஸ்க்கைக் கழற்றும் பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மாஸ்க்கை அந்தமானுக்குப் போகும் முன்பே வாங்கி, ரேஸ் கோர்ஸ் குளத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். உங்கள் மீசையை ஒட்டித் தண்ணீர் கசிகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.